சிறுவனுக்குத் தலைவணங்கிய வீரர்

வென்றவரைப் பற்றி எழுதாத ஏடில்லை. வென்றவருக்கு மாலையுண்டு, மேடையுண்டு, புகைப்படமுண்டு. தோற்றவருக்கோ செய்தியின் கடைசி வரியில் ஒரு பெயரளவு இடமே கிடைக்கின்றது. இந்த ஞாயிறன்று அவ்வழக்கத்தைச் சற்றே மாற்றி, தோற்ற ஒருவரைப் பற்றி வாசகர்களோடு உரையாட விரும்புகின்றோம். அவர் தோற்றது போர்க்களத்திலன்று. 64 கட்டங்களைக் கொண்ட சதுரங்கப் பலகையில். அவரைத் தோற்கடித்தவனோ பதின்மூன்று வயதுப் பாலகன். ஆயினும் அந்த ஆட்டத்தை நினைக்குந்தோறும் வென்ற சிறுவனின் நுண்ணறிவுக்கு நிகராகத் தோற்ற பெரியவரின் உள்ளமும் எம் முன்னே வந்து நிற்கின்றது.

ஆட்டம் நிகழ்ந்தது 1956 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 17 ஆந் திகதி, அமெரிக்காவின் நியூயோர்க் நகரத்திலே. இடம், மார்ஷல் சதுரங்கக் கழகம். ரோசன்வால்ட் கிண்ணத்துக்கான சுற்றுப்போட்டி அங்கு நடைபெற்றுக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் தேர்ந்த ஆட்டக்காரர்கள் பன்னிருவர் அதிலே கலந்துகொண்டனர். வெள்ளைக் காய்களோடு அமர்ந்தவர் டொனால்ட் பேர்ண், வயது 26. கறுப்புக் காய்களோடு எதிரே அமர்ந்தவன் பொபி பிஷர்.

இருவரும் எத்தகையோர்?

பேர்ண் சாமானியரல்லர். 1953 ஆம் ஆண்டில் அமெரிக்கத் திறந்த சுற்றுப்போட்டியில் முதலிடம் பெற்றவர். நாட்டின் முன்னணி வீரர்களுள் ஒருவராக எண்ணப்பட்டவர். அவருடைய தமையனார் ரொபேர்ட் பேர்ணும் பெயர்பெற்ற சதுரங்க வீரர். டொனால்ட் பேர்ண் பின்னாளில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பிக்கும் பேராசிரியரானார். வகுப்பறையில் நின்று பழகிய எமக்கு அவர்மீது தனிப்பற்று உண்டாவதற்கு இதுவும் ஒரு காரணமென்பதை மறைக்கவேண்டுவதில்லை.

பிஷர் புரூக்ளின் பகுதியில் வளர்ந்தவன். தாயார் ரெஜினா தனியொருவராய் நின்று இரு பிள்ளைகளையும் வளர்த்தார். அவனுக்கு ஆறு வயதாயிருந்தபோது அக்காள் ஜோன், தாங்கள் குடியிருந்த வீட்டின் கீழிருந்த மிட்டாய்க் கடையில் மலிவான சதுரங்கக் காய்களை வாங்கிவந்தாள். காய்களோடு வந்த குறிப்பைப் படித்தே இருவரும் ஆடக் கற்றனர். அக்காளுக்கு விரைவிலே சலித்துவிட்டது. தம்பிக்கோ அதன்பின் வேறெதுவும் இனிக்கவில்லை. 1951 ஆம் ஆண்டு தொடக்கத்தில், ஒரே நேரத்தில் பலரோடு ஆடிக்காட்ட வந்த மக்ஸ் பேவி என்னும் வீரரிடம் கால் மணி நேரமளவிலே தோற்றுப்போனான். தோற்ற சிறுவனைக் கூட்டத்திலிருந்து ஒருவர் கூர்ந்து நோக்கினார். அவர் புரூக்ளின் சதுரங்கக் கழகத்தின் தலைவர் கார்மின் நிக்ரோ. அவனைத் தம் கழகத்துக்கு அழைத்தார், பொறுமையோடு கற்பித்தார். ஆகவே பிஷரின் கதை தொடங்குவதே ஒரு தோல்வியிலிருந்துதான்.

1956 ஜூலையில் பிஷர் அமெரிக்க இளைஞர் சம்பியனானான். அந்த வெற்றியே பெரியவர்களின் பந்தியில் அவனுக்கும் ஓர் இலை போடச் செய்தது. ஆனால் அப்பந்தியில் அவனால் சரிசமமாக உண்ண முடியவில்லை. அந்தச் சுற்றுப்போட்டியில் ஆடிய 11 ஆட்டங்களில் அவன் பெற்றவை நாலரைப் புள்ளிகளே. முதலிடம் பெற்றவர் சாமுவேல் ரெஷெவ்ஸ்கி. அவரும் ஒரு காலத்தில் உலகம் வியந்த பால மேதையாயிருந்தவர்தாம்.

தரம் என்னும் அளவுகோல்

சதுரங்கத்தில் ஆட்டக்காரர்களின் ஆற்றலை எண்ணால் அளக்கும் ஒரு முறை உண்டு. அமெரிக்கச் சதுரங்கச் சம்மேளனம் 1950 முதலே இத்தகைய தரவரிசையை வெளியிட்டு வந்தது. பின்னர் ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவிலே பௌதிகம் கற்பித்த பேராசிரியர் ஆர்பட் எலோ என்பார், நிகழ்தகவுக் கணிதத்தின் துணையோடு அதனைச் செப்பஞ்செய்தார். அவர் வகுத்த முறையை அமெரிக்கச் சம்மேளனம் 1960 இலும், உலகச் சதுரங்கச் சம்மேளனம் 1970 இலும் ஏற்றுக்கொண்டன.

முறை எளியது. இருவருக்கிடையே 200 புள்ளி வித்தியாசம் இருப்பின், உயர்ந்தவர் 100 ஆட்டங்களில் ஏறக்குறைய 76 புள்ளிகளைப் பெறுவார் என்று எதிர்பார்க்கலாம். 400 புள்ளி வித்தியாசமாயின் 11 ஆட்டங்களில் 10 புள்ளிகளைப் பெறுவார். தாழ்ந்தவர் வென்றால் அவருக்குப் பெரும் இலாபம். உயர்ந்தவர் வென்றால் அவருக்குச் சொற்ப இலாபமே. எனவே தரத்தில் உயர்ந்தவர் தம்மினும் தாழ்ந்தவரோடு அமரும்போது பெறக்கூடியது சிறிது, இழக்கக்கூடியது பெரிது.

இதனை எம் மாணவர்கள் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். பதினொன்றில் பத்து என்றால் பதினொன்றிலும் பதினொன்று என்பதன்று. மிச்சமிருக்கும் அந்த ஒன்றிலேதான் எளியவனின் நம்பிக்கை குடியிருக்கின்றது. தரம் என்பது கடந்துபோன ஆட்டங்களின் கணக்கு; இனி ஆடப்போகும் ஆட்டத்தின் தீர்ப்பன்று.

வெட்டக் கொடுத்த அரசி

இனி ஆட்டத்துக்கு வருவோம். சதுரங்கம் அறியாத வாசகர்களுக்காகச் சிறு விளக்கம்: காய்களுள் வலிமை மிக்கது அரசி, அதன் மதிப்பு 9. கோட்டைக்கு 5, மந்திரிக்கும் குதிரைக்கும் தனித்தனியே 3, சிப்பாய்க்கு 1. அரசனுக்கு விலையில்லை, அவன் தப்ப வழியின்றி அகப்பட்டால் ஆட்டம் முடிந்தது.

பேர்ண் தொடக்கத்தில் பலகையின் நடுப்பகுதியைக் கைப்பற்றினார். அவருடைய அரசியும் முன்னே வந்து நின்றது. ஆனால் ஒரு காரியத்தை அவர் செய்யத் தவறினார். அரசனை மூலையிலுள்ள காப்பான இடத்துக்கு மாற்றாமல் நடுவிலேயே விட்டுவைத்தார். 11 ஆவது நகர்த்தலில், முன்னரே நகர்த்திய மந்திரியையே மீண்டும் நகர்த்தினார். ஒரு நகர்த்தல் வீணாயிற்று. வீட்டுக் கதவைத் தாழிடாமல் வயலுக்குச் சென்ற குடியானவனின் நிலை அவருடையது.

சிறுவன் அந்த ஒரு நொடியைத் தவறவிடவில்லை. பலகையின் ஓரத்திலே, எதிரியின் குதிரை நேரே வெட்டக்கூடிய ஒரு கட்டத்தில் தன் குதிரையைக் கொண்டுபோய் வைத்தான். ஓரத்தில் நிற்கும் குதிரைக்கு வலிமை குறைவென்பது சதுரங்கத்தின் அரிச்சுவடிப் பாடம். ஆனால் இங்கோ அக்குதிரையை வெட்டினால், கறுப்பின் மற்றக் குதிரை நடுவிலே பாய்ந்து வெள்ளையின் அரசியையும் மந்திரியையும் ஒருசேரத் தாக்கும். நடுவில் நிற்கும் அரசனை நோக்கியும் பாதை திறந்துகொள்ளும். பேர்ண் அதனைக் கண்டுகொண்டார்; குதிரையைத் தொடவில்லை. தொடாதபோதும் பாதை திறக்கத்தான் செய்தது.

17 ஆவது நகர்த்தலில் வந்தது அற்புதம். பிஷரின் அரசி எதிரியின் மந்திரிக்கு நேரே வெட்டுப்பட நின்றது. எவராயினும் முதலில் அரசியையே காப்பர். பிஷர் அரசியைத் தொடவேயில்லை. தன் மந்திரியை இரண்டு கட்டம் பின்வாங்கி வைத்தான். ஒன்பது மதிப்புள்ள காயை வெட்டிக்கொள் என்று எதிரியின் கையிலே கொடுத்துவிட்டான்!

இது சிறுபிள்ளையின் கவனக்குறைவு என்றே முதலில் எவருக்குந் தோன்றும். ஆனால் கணக்கு வேறு. பேர்ண் அரசியை விட்டு அந்த மந்திரியை வெட்டியிருந்தால், அடுத்தடுத்த தாக்குதல்களால் அவருடைய அரசன் தன் காய்களே சூழ நெருக்குண்டு, அசைய இடமின்றி, ஒரே குதிரையின் கையால் மடிந்திருப்பான். ஆதலால் அரசியை வெட்டுவதே அவருக்கு எஞ்சிய நல்வழி. வெட்டினார். வெட்டியதும் கறுப்புக் குதிரையின் திருவிளையாடல் தொடங்கிற்று. குதிரை ஒரு பாய்ச்சலில் தானே அரசனைத் தாக்கும். மறு பாய்ச்சலில் விலகிநின்று, பின்னேயுள்ள மந்திரியின் தாக்குதலுக்கு வழிவிடும். அரசன் பக்கத்துக் கட்டத்துக்கும் பழைய கட்டத்துக்குமாக ஊசலாட, குதிரை சுழன்று சுழன்று சிப்பாயைக் கொய்தது. அது தக்க இடத்தில் வந்து நின்றபின், அரசியை வெட்டிய மந்திரியும் வெட்டுண்டது. சிறிது பொறுத்து ஒரு கோட்டையும் வீழ்ந்தது.

புழுதி அடங்கியபோது கணக்குப் பார்ப்போம். பிஷர் கொடுத்தது ஓர் அரசி, மதிப்பு 9. பெற்றவை ஒரு கோட்டை, இரண்டு மந்திரி, ஒரு சிப்பாய், மதிப்பு 12. எண்ணிக்கையிலும் பெரிது ஒற்றுமை. பிஷரின் சிறு காய்கள் ஒன்றுக்கொன்று துணைநின்றன. பேர்ணின் அரசியோ தனித்துநின்று எங்கே உதவுவதென்று அறியாமல் அலைந்தது. வலிய ஒருவரினும் ஒற்றுமையுள்ள எளியோர் சிலர் மேல் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணத்தை நாம் வகுப்பறையில் காட்டியதில்லை.

கைவிடாத கை

இப்பொழுதுதான் எமது கட்டுரையின் உயிர்நிலைக்கு வருகின்றோம்.

தேர்ந்த ஆட்டக்காரர்களிடையே ஒரு மரபு உண்டு. தோல்வி உறுதியென்று கண்டதும் ஆட்டத்தைக் கைவிட்டு, எதிரிக்குக் கைகொடுத்து எழுந்துவிடுவர். அரசன் அகப்படும் கடைசிக் கட்டம்வரை இழுத்தடிப்பது அவ்வளவு பண்பாகக் கருதப்படுவதில்லை. அது எதிரியின் திறமையை ஐயுறுவதற்குச் சமம். பேர்ண் அம்மரபை அறியாதவரல்லர். தாம் தோற்றுவிட்டதையும் அறியாதவரல்லர். ஆயினும் அவர் எழவில்லை, ஆடிக்கொண்டேயிருந்தார்.

காரணத்தை அவரே பின்னாளில் விளக்கியிருக்கின்றார். தோல்வி உறுதியானதும், உடன் போட்டியிட்ட சிலரை அணுகி, இந்தச் சிறுவன் இவ்வளவு அழகாக ஆடியிருக்கின்றானே, அவன் என் அரசனை முறைப்படி முடக்கி ஆட்டத்தை நிறைவுசெய்ய இடங்கொடுத்தால் நன்றாயிருக்குமல்லவா என்று கேட்டாராம். அவர்களும் இசைந்தனராம். அன்று அச்சிறுவன் உலகப் புகழ் பெறுவான் என்று எவரும் அறியார். நல்லதோர் ஆட்டம் ஆடிய பிள்ளை, அவ்வளவே.

இந்த இடத்திலே சற்று நின்று சிந்திக்கவேண்டும். பேர்ண் ஆட்டத்தை விட்டுக்கொடுக்கவில்லை. தம்மால் இயன்றவரை எதிர்த்து ஆடியே தோற்றார். பிள்ளையை மகிழ்விப்பதற்காக வேண்டுமென்றே தோற்பது வேறு, அது பொய். மெய்யாகவே தோற்றபின், அத்தோல்வியின் முழு வடிவத்தையும் ஊரறியக் காட்டுவதற்கு உடன்படுவது வேறு, அது கொடை. தமது பெயரோடு என்றும் ஒட்டிக்கொள்ளப்போகும் தோல்வி அதுவென்று தெரிந்திருந்தால் அவர் என்ன செய்திருப்பாரோ, சொல்ல இயலாது. தெரியாமற் செய்ததனாலேயே அதன் தூய்மை மிகுகின்றது.

கடைசி ஏழு நகர்த்தல்களையும் பிஷர் ஏழு தொடர் தாக்குதல்களாகவே ஆடினான். மந்திரி, குதிரை, மந்திரி, மந்திரி, குதிரை, குதிரை என்று மாறிமாறித் துரத்த, வெள்ளை அரசன் தன் இல்லத்திலிருந்து கட்டங்கட்டமாய் மறுபுறம் நோக்கி ஓடினான். 41 ஆவது நகர்த்தலில் கோட்டை வந்து வழியடைத்தது. பேர்ணின் அரசி பலகையின் மறுகோடியில், உதவ வழியின்றி நின்று பார்த்தது. ஆட்டம் முடிந்தது.

ஒஸ்திரியாவில் பிறந்த ஹான்ஸ் கிமோக் என்னும் சதுரங்க எழுத்தாளர் இதனை வியந்து எழுதி, நூற்றாண்டின் ஆட்டம் என்று பெயர் சூட்டினார். அப்பெயர் நிலைத்துவிட்டது. சுற்றுப்போட்டியின் அழகிய ஆட்டத்துக்கான பரிசும் பிஷருக்கே கிடைத்தது. பேர்ண் இடையிலேயே கைவிட்டு எழுந்திருப்பாராயின், அந்த ஏழு நகர்த்தல்களும் பலகையில் ஏறியிரா. முற்றுப்பெறாத கோபுரம்போல் அவ்வாட்டம் நின்றிருக்கும். கலசம் வைக்க இடங்கொடுத்தவர் தோற்றவரே.

தோற்போரில் மூவர்

தோல்வியை ஏற்கும் வகை ஒன்றன்று. அதே பிஷரிடம் பேர்ணின் தமையனார் ரொபேர்ட் பேர்ணும் தோற்றார். அது 1963-64 அமெரிக்கச் சம்பியன் போட்டியில். வெறும் 21 நகர்த்தல்களிலே அவர் ஆட்டத்தைக் கைவிட்டார். அந்நேரம் பார்வையாளர்களுக்கு ஆட்டத்தை விளக்கிக்கொண்டிருந்த கிராண்ட்மாஸ்டர்கள், வெள்ளை வெல்லப்போகின்றது என்று சொல்லிக்கொண்டிருந்தார்களாம்! வெள்ளைக் காய்களை ஆடியவரோ தமது தோல்வியைப் பிறருக்கு முன்பே கண்டு எழுந்துவிட்டார். தம்பி எல்லோரும் தோல்வியை அறிந்தபின்னும் ஆடினார். தமையன் எவரும் அறியுமுன்னே நிறுத்தினார். செய்கை இரண்டு, உள்ளம் ஒன்று. இருவரும் தம்மை மறந்து ஆட்டத்தின் உண்மையை மதித்தனர்.

மூன்றாமவர் போரிஸ் ஸ்பாஸ்கி. 1972 இல் ஐஸ்லாந்தின் தலைநகரில் உலகச் சம்பியன் பட்டத்தைக் காக்க பிஷரோடு ஆடியவர். 6 ஆவது ஆட்டத்தில் பிஷர் ஆடிய அழகைக் கண்டு அவையோர் கைதட்டினர். தோற்ற ஸ்பாஸ்கியும் அவர்களோடு சேர்ந்து கைதட்டினார். அந்தப் போட்டியின் முடிவில் பட்டமே அவர் கையைவிட்டுப் போயிற்று.

மூன்று பெருந்தன்மைகளைப் பெற்ற பிஷரின் பிற்கால வாழ்க்கை அவ்வளவு இனிமையாக அமையவில்லை. 1975 இல் பட்டத்தைக் காக்க ஆடாமலே இழந்தார். பலரோடும் பிணங்கினார். சொந்த நாட்டைவிட்டு நீங்கி, 2008 இல் ஐஸ்லாந்திலேயே காலமானார். பலகையின் கட்டங்கள் 64. அவருடைய வயதும் 64. டொனால்ட் பேர்ண் அவருக்கு நெடுநாள் முன்பே, 1976 இல், 45 வயதில் மறைந்துவிட்டார். சதுரங்க நூல்கள் பிஷரின் ஆட்டமென்று அதனைக் கொண்டாடுகின்றன. ஆனால் ஓர் ஆட்டத்தை ஆட இருவர் வேண்டுமன்றோ?

எமது கதையும் ஒன்று

இவ்வளவும் எழுதியபின் எமது குறையொன்றையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. சில ஆண்டுகளுக்கு முன்னர், நாம் கற்பித்த ஒரு கல்லூரியில், மாலைவேளையிலே ஒன்பதாம் வகுப்பு மாணவனொருவனோடு சதுரங்கம் ஆட அமர்ந்தோம். சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். எமது கோட்டை ஒன்று போயிற்று. பின் அரசியும் போயிற்று. இன்னும் நான்கைந்து நகர்த்தல்களில் அரசனும் அகப்படுவான் என்பது தெரிந்தது. அப்பொழுது நாம் கைக்கடிகாரத்தைப் பார்த்தோம். "தம்பி, பஸ்ஸுக்கு நேரமாயிற்று, பிறகு பார்ப்போம்" என்று சொல்லிக் காய்களைக் கலைத்துவிட்டு எழுந்தோம்.

பையன் ஒன்றும் சொல்லவில்லை. "சரி சேர்" என்றான். கலைந்த காய்களைப் பொறுக்கிப் பெட்டியில் அடுக்கினான். பஸ் வர இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது அவனுக்கும் தெரியும், எமக்கும் தெரியும். அந்த மாலை அவனுக்கு உரியதாயிருந்த நான்கு நகர்த்தல்களை நாம் எடுத்துக்கொண்டு சென்றுவிட்டோம். அவற்றைத் திருப்பிக் கொடுக்க இன்றுவரை எமக்குச் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை.

மகனிடமும் மாணாக்கனிடமும் தோற்பதைப் பேறாகக் கருதியவர்கள் எம் முன்னோர். சொல்லுவது எளிது, பலகையின் முன்னே அமர்ந்திருக்கும்போது கடினம். பெற்றோரும் ஆசிரியருமாகிய எமக்கு அத்தகைய மாலை ஒவ்வொருவர் வாழ்விலும் வரத்தான் செய்யும். மகள் எமது கணக்கிலே பிழை காட்டுவாள். மகன் எமது சொல்லுக்கு எமது தர்க்கத்தாலேயே மறுமொழி கூறுவான். மாணவன் நாம் படியாத நூலைப் படித்துவந்து நிற்பான். அப்பொழுது கடிகாரத்தைப் பார்ப்பதா, அல்லது இருந்து முழு ஆட்டத்தையும் ஆடிமுடிப்பதா என்பதே கேள்வி.

மார்ஷல் கழகத்திலே அன்றிரவு 26 வயது இளைஞரொருவர் இருக்கையை விட்டு எழவில்லை. அடுத்த முறை எம் எதிரே ஒரு பிள்ளை காய்களை அடுக்கும்போது, கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டே நாம் அமர்வோம்.